கேட்காமல் விட்டது

கதவைத் திறந்து பிடித்தபடி சிறிது நேரம் நின்ற பிறகுதான், பின்னால் வருவதற்கு யாரும் இல்லை என்பது கஸ்பாருக்கு உறைத்தது. ஆடுகள் தாண்டிப் போகாமலிருக்கப் பாதைக்குக் குறுக்கே வைத்திருக்கிற மரக்கதவு. நுழைந்து, ஒரு மூலையில் ஒதுங்கி, கதவை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு வெளியே வர வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் வர முடியும். மகள் ஜெசிந்தா வந்துவிட்டாள், அவரும் வந்துவிட்டார், கை மட்டும் கதவை விடவில்லை. முதல் நாள் இதே மாதிரி ஒரு கதவில் மகள் திரும்பிப் பார்த்து, "யாருக்குப்பா திறந்து பிடிச்சிட்டு நிக்கீய?" என்று கேட்டாள். ஆடு ஏதும் வருதோன்னு பார்த்தேன் என்றார். ஆடு வரக்கூடாதுன்னுதான் கதவே போட்டிருக்கான் என்று சிரித்தாள். இரண்டாம் நாளுக்குப் பிறகு அவள் கேட்பதில்லை. அவர் நிற்கும்போது அவளும் பத்தடி தள்ளி நின்று கடலைப் பார்ப்பாள், கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் நடப்பாள். இன்று ஆறாம் நாள், கடைசி நாள். கைக்கு இன்னும் பழக்கம் விடவில்லை. தெருவைக் கடக்கும்போது, பஸ்ஸில் ஏறும்போது, கோயில் வாசலில் கூட்டம் கலையும்போது, பெரியவள் ஒருத்தி, சின்னவள் ஒருத்தி என்று இரண்டு தலையைப் பார்த்த பிறகே காலை எடுத்து வைக்கிற பழக்கம். பெரிய மகள் போய்ச்சேர்ந்து முப்பத்தாறு வருஷம். இருந்தால் நாற்பத்திரண்டு வயது. நாற்பத்திரண்டு வயதுக்காரி ஒருத்தியை அவரால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. கதவில் நிற்கும்போது அவர் கண் போவது எப்போதும் இடுப்பு உயரத்துக்குத்தான். கதவை விட்டார். அது இரண்டு முறை அடித்துச் சாத்திக்கொண்டது.

பாதை பாறை விளிம்பை ஒட்டியே போனது. கீழே கடல், கழுவிய ஸ்லேட்டு நிறத்தில். அலை உடைவது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அதன் சத்தம் மேலே ஏறி வந்தது. வேல்ஸ் என்றார்கள், தனி நாடு மாதிரிதான் என்றார்கள், பேச்சே வேறு என்றார்கள். ஆறு நாட்களில் அவர் அதிகம் பார்த்தது ஜெசிந்தாவின் முதுகுப் பையையும் அதற்கு மேலே அவள் சுற்றியிருந்த நீலத் துணியையும்தான். கழுத்தை மூடியிருந்தது அந்தத் துணி. குளிருக்கு என்று சொன்னாள். காலையில் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, மதியத்துக்குள் காற்றும் மழையும் வந்துவிடும் என்று சொல்ல, ஜெசிந்தா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே திட்டத்தை மாற்றிவிட்டாள். நாலு கிலோமீட்டரில் ஒரு சின்னக் கடற்கரை வரும், அங்கே பதினொன்று நாற்பதுக்கு ஒரு பஸ் உண்டு, கை காட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், ஏறிவிடலாம். மிச்சம் ஏழு கிலோமீட்டர்தான் இருக்கிறது, நூறு கிலோமீட்டரில் ஏழை விட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்றாள். யார் கேட்கப் போகிறார்கள். அந்தச் சொல்லைத்தான் அவர் இந்த நாலு கிலோமீட்டராகச் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி மிதித்துக்கொண்டு வருகிறார். கேட்பவள் மாதா, அவளுக்கு அவசரம் இல்லை. முப்பத்தாறு வருஷம் கேட்காமல் இருந்தாள். அதனால் மறந்துவிட்டாள் என்று ஆகுமா? சின்னவள் பிழைத்தால், அவள் வளர்ந்ததும் கடற்கரை வழியாகவே வேளாங்கண்ணிக்கு நடத்திக் கூட்டி வருகிறேன், ஒரு அடிகூட வண்டியில் ஏற்றமாட்டேன் என்று நேர்ந்துகொண்டவர் அவர்தான். கூட்டிப் போகவில்லை. மனைவி பெர்னதத் அந்த ஊரின் பெயரை வீட்டில் எடுக்க விடவில்லை. ஆவணி மாதம் காவி கட்டி நடந்து போகிறவர்களுக்குத் தெருவே மோர் ஊற்றிக்கொண்டிருக்கும், அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். போன மாசியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். சித்திரையில் ஜெசிந்தா போன் பண்ணி, வீட்டுக்குள்ளேயே கிடந்து என்ன செய்யப் போறீய, இங்க வாங்கப்பா, ரெண்டு பேரும் கடலோரமாவே நடப்போம் என்றபோது போனைப் பிடித்திருந்த கையில் மயிர் கூச்செறிந்தது. அவளுக்கு நேர்த்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமலே அவள் வாயில் அந்த வார்த்தை வந்திருந்தது.

சரிதானா இது என்று அவர் யோசிக்காமல் இல்லை. எந்தக் கடலாக இருந்தால் என்ன, எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்பார் தனக்குள். பாதை முடியும் ஊரில் சின்னதாக ஒரு மாதா கோயில் இருக்கிறது என்று ஜெசிந்தாவின் வரைபடத்தில் பார்த்துவைத்திருந்தார். அப்புறம், நேர்த்திக் கடனைச் செலுத்துகிறவளுக்கே அது நேர்த்தி என்று தெரியாமல் போனால் செல்லுமா? வழியில் பன்றிக்கறி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, சறுக்கும் இடத்தில் இங்கிலீஷில் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு நடக்கிற நடையை மாதா கணக்கில் எடுப்பாளா? எடுக்காவிட்டால் போகட்டும், பிள்ளை நடந்தது நடந்ததுதான். நாலாம் நாள் சாயங்காலம் ஜெசிந்தாவின் குதிகால் கொப்புளம் உடைந்து, சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் தன் காரில் இரண்டு கிலோமீட்டர் கொண்டுவந்து விட்டார். காரில் ஏறுமுன் கஸ்பார் தன் தொப்பியைக் கழற்றி அங்கிருந்த வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டு ஏறினார். மறுநாள் காலை, தொப்பியை மறந்துவிட்டேன், உன் அம்மா வாங்கிக் கொடுத்தது, நடந்தே போய் எடுத்துவந்துவிடலாம் என்றார். போக இரண்டு, வர இரண்டு. முணுமுணுத்தாலும் வந்தாள். பெர்னதத் அவருக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்ததே இல்லை. அப்படி ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் காப்பாற்றிக் கொண்டுவந்த நடை இது. இன்னும் ஏழு. இரண்டாம் நாள் இரவு சாப்பாட்டில், சூப்பை ஊதிக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற குரலில் அவள் சொன்னாள், தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி, ஊசி வைத்து எடுத்துப் பார்த்தார்கள், சரியாகச் சொல்ல முடியவில்லையாம், அடுத்த மாதம் எடுத்துவிடுவார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. வயிற்றில் இல்லை, கையில் இல்லை, காலில் இல்லை. தொண்டையில்.

புதர் முழுக்க மஞ்சள் பூ. நெருங்கினால் தேங்காய் வாசம் அடித்தது. இந்த ஊரில் எங்கே தென்னை என்று முதல் நாள் அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முள்ளுக்குள் கிடக்கிற இந்தப் பூவின் வாசம்தான் அது என்று ஜெசிந்தா சொன்னாள். வெயில் படப் பட வாசம் கூடியது. இன்று வெயில் இல்லை, ஆனாலும் அடித்தது. தேங்காய் எண்ணெய் தேய்த்து இறுக்கப் பின்னிய தலை. பெரியவள் பவுலினின் தலையை அவள் அம்மாதான் பின்னுவாள், வலிக்குது வலிக்குது என்று கத்துவாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அந்தப் பின்னல் கலையாமல் கிடந்தது. தொண்டை அடைப்பான் என்றார்கள். முதலில் பெரியவளுக்கு, மூன்றாம் நாள் சின்னவளுக்கு. குழந்தைகள் வார்டுக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்கள். காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் கம்பிக்கதவு வழியாகப் பார்க்கலாம். அவர் அப்போது துறைமுகத்தில் விஞ்சு டிரைவர், கப்பலில் சுமை தூக்கி இறக்கும் எந்திரத்தை ஓட்டுகிறவர். கப்பலின் பள்ளத்துக்குள் என்ன இருக்கிறது என்று விஞ்சு ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. பள்ளத்தின் வாயில் ஒருவன் நின்று கையைக் காட்டுவான். இறக்கு, நிறுத்து, கொஞ்சம் தூக்கு. அவன் கையை நம்பிப் பத்து மூட்டைகளை, கீழே ஆள்கள் நிற்கிற இருட்டுக்குள் இறக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் அப்படி இறக்கினார், ஓர் ஆள் மேல் சுமை பட்டதில்லை. அந்தக் கம்பிக்கதவில் மட்டும் கை காட்ட யாரும் இல்லை. உள்ளே பெர்னதத் தெரிவாள், போவாள், வருவாள். அந்தக் கடைசிச் சாயங்காலம் பவுலின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாங்கிக் கொடுத்த பன்னில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தங்கைக்கு என்று தலையணைக்கு அடியில் வைத்தாள். பெரியவளுக்குத் தேவலை, சின்னவளுக்குத்தான் நாளைக் காலை தாண்டணும் என்றாள் நர்ஸ். பெர்னதத் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் வேண்டிக்கிடுங்க என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி மதிலுக்குள் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் மாதா சிலை வைத்த ஒரு கெபி இருந்தது, சிமெண்டில் பாறை மாதிரி செய்து நீலம் அடித்தது. அங்கே முழந்தாள்போட்டார். இரண்டு பேரையும் கேட்கத்தான் வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று முப்பத்தாறு வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கேட்டால் பேராசை ஆகிவிடும். ஒன்றைக் கேள், கண்டிப்பாகக் கேள். பெரியவளுக்குத்தான் தேவலையே. அதோடு, பெரியவளுக்கு அவள் அம்மா கேட்பாள். வீட்டில் எப்போதும் அப்படித்தானே, தெருவில் இறங்கினால் பெரியவள் அம்மா கையில், சின்னவள் அப்பா தோளில். அதனால் சின்னவளைக் கேட்டார். பெயர் சொல்லிக் கேட்டார், நடந்து வருகிறோம் என்று நேர்ந்தார். எழுந்தபோது மனம் லேசாக இருந்தது, அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாதது. லேசாக இருந்தது, போய் ஒரு டீ குடித்தார். விடிந்தபோது சின்னவள் கண்ணைத் திறந்தாள். எட்டு மணிக்குப் பெரியவளுக்கு மூச்சு இழுத்தது. ஒன்பது மணிக்கு அவர் கம்பிக்கதவுக்கு வந்தபோது கட்டிலில் விரிப்பு இல்லை. தான் கேட்டது கிடைத்தது, பெர்னதத் கேட்டது கிடைக்கவில்லை என்று அவர் புரிந்துகொண்டார். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஜெயித்தவன் பக்கத்தில் தோற்றவள். அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பாடு கேட்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. வேளாங்கண்ணிப் பேச்சை அவள் வெட்டியபோது, இருக்காதா பின்னே, அவளுக்கு மாதாமேல் கோபம் என்று நினைத்துக்கொண்டார். கடைசிவரை அவளிடம் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவார், முழந்தாளிடுவார், எழுந்து வருவார். யாரிடமும் எதற்காகவும் எதுவும் கேட்டதில்லை.

இறக்கத்தில் ஜெசிந்தா கையை நீட்டினாள். பிடிக்காமல் கம்பை ஊன்றி இறங்கினார். கூழாங்கல் கரை, ஒரு பாலம், பாலத்துக்குப் பக்கத்தில் நனைந்த மரப்பெஞ்சு. பதினொன்று இருபத்தைந்து. மேற்கே கடலும் வானமும் ஒன்றாகி வந்துகொண்டிருந்தன. பாலத்தைத் தாண்டிப் பாதை மறுபடி மேட்டில் ஏறுவது தெரிந்தது. அவள் பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள். கழுத்துத் துணியைத் தளர்த்திக்கொண்டு, பிளாஸ்க்கிலிருந்து அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். நடந்துவிடலாமே என்றார். மழைக்குள் இந்த வயதில் பாறைமேல் வழுக்கி விழுந்தால் அவரை யார் தூக்குவது என்றாள். நீ நடக்கணும் என்றார், நான் இல்லை, நீ. சொன்ன பிறகு, தன் குரல் கெஞ்சுகிற குரலாக இருந்தது தெரிந்தது. ஜெசிந்தா பிளாஸ்க்கை மூடினாள். மூடியைத் தேவைக்கு மேல் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எதுக்குன்னு வாயத் திறந்து சொல்லுங்கப்பா. நீங்க அந்தத் தொப்பியக் கம்பத்துல மாட்டிட்டு வந்து கார்ல ஏறுனத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் மறுநாள் கூட வந்தேன்."

அதனால் சொன்னார். நிமிராமல், கூழாங்கற்களைப் பார்த்துக்கொண்டு, கெபியைச் சொன்னார், நேர்த்தியைச் சொன்னார், தொண்டை என்று அவள் சொன்னதிலிருந்து தனக்குத் தூக்கம் இல்லை என்று சொன்னார். பேராசை ஆகிவிடும் என்று நினைத்ததை மட்டும் சொல்ல முடியாமல் இரண்டு முறை தொடங்கி நிறுத்தினார். மூன்றாம் முறை அதையும் சொல்லிவிட்டார். உனக்கு மட்டும்தான் கேட்டேன் மக்களே, அக்காவுக்கு உங்க அம்மா கேட்டா, அவ கேட்டது பலிக்கல. இப்படிச் சொல்லி முடித்தபோது, ஒரு சுமையை இறக்கியாகிவிட்டது, அடியில் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை என்று தோன்றியது. கடல் பக்கத்திலிருந்து முதல் காற்று வந்து தேநீர் டம்ளரைச் சாய்த்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"அம்மா அக்காவுக்குக் கேக்கலப்பா," என்றாள் ஜெசிந்தா.

அவருக்கு விளங்கவில்லை.

"அம்மாவும் எனக்குத்தான் கேட்டாங்க. போன தையில, மூக்குல குழாய் போடுறதுக்கு முந்தின நாள் சொன்னாங்க. நான்தான் மோசமா இருந்தேனாம். பெரியவ அப்பா செல்லம், அவளுக்கு அவரு கேப்பாருன்னு விட்டுட்டேன்னாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம், அவரு வேண்டுனது நடக்கலங்குற வருத்தத்துலதான் இருக்காரு, அது அப்படியே இருக்கட்டும்னாங்க."

கஸ்பார் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மரம் ஈரமாக இருந்தது, நகத்துக்குள் பாசி ஏறியது. பெர்னதத்தும் வெட்கப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கோபம் இல்லை. ஜன்னலைச் சாத்தியது கோபத்தில் இல்லை. அந்தப் பக்கம் படுத்திருந்தவளும் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போயிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே பிள்ளையை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பிள்ளையை. நடுவில் ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து பன்னைப் பாதியாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டுக் கிடைக்காமல் போகவில்லை, யாருமே கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதல் ஒன்று இருந்தது, அது ஆறுதல் என்றுகூட அவருக்குத் தெரிந்ததில்லை. அவள் அம்மாவாவது கேட்டாள் என்பது அது. அது இருந்த இடத்தில் இப்போது காற்று போய் வந்தது. கதவில் தன் பின்னால் வந்த பெரியவள் எதற்கு வந்தாள் என்று, தங்கையைக் கூட்டிப் போகத்தான் என்று, அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்ததைத் தள்ளிவிட்டார், அது மறுபடி வந்தது.

திருப்பத்தில் பஸ் தெரிந்தது. சின்னது, உள்ளே விளக்குப் போட்டு, ஆளே இல்லாமல். டிரைவர் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து இவர்களைப் பார்த்தார். யாரும் கையைத் தூக்கவில்லை. பஸ் பெஞ்சுக்கு எதிரே ஏறக்குறைய நின்றது, டிரைவர் புருவத்தை உயர்த்தினார், பிறகு பஸ் பாலத்தின் மேல் ஏறிப் போய்விட்டது. ஜெசிந்தா எழுந்து பையை மாட்டினாள். அவர் பையையும் தூக்கி, வார் தோளில் சரியாக உட்காரும்படி இழுத்துவிட்டாள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பிள்ளைக்கு இழுத்துவிடுகிற மாதிரி.

"நடக்கேன். ஆனா எனக்குன்னு இல்ல. எனக்கு ரெண்டு பேரும் கேட்டாச்சு, அதத் தின்னு நாப்பது வயசும் ஆயிட்டு. இந்த ஏழு கிலோமீட்டர் அக்காவுக்கு."

"அப்ப உன் தொண்டை?"

"அத டாக்டர் பாத்துக்கிடுவா."

"ஏட்டி, அப்படிச் சொல்லாத."

அவள் பாலத்தைக் கடந்து மேட்டில் ஏறத் தொடங்கினாள். அவர் பின்னால் ஏறினார். ஐம்பது அடியிலேயே மழை பிடித்துக்கொண்டது. செத்துப்போனவளுக்கு இப்போது என்ன கேட்பது? காய்ச்சல் விட வேண்டும் என்றா? எந்தக் காய்ச்சல்? வார்த்தை கிடைக்காமல் மூச்சு வாங்கினார். மறுபடி ஒருத்திக்கு மட்டும் ஒரு நடை. சின்னவளின் முதுகு முன்னால் மழைக்குள் கலங்கிக் கலங்கித் தெரிந்தது. நீலத் துணி நனைந்து கறுத்துவிட்டது. பயம் வாய்வரை வந்து நின்றது. இதைவிட்டால் தன்னிடம் வேறு ஒன்றும் இல்லை, இந்த வாய்தான் இருக்கிறது என்று தோன்றியது. திறந்தார். பவுலின் என்றார் முதலில், பெரியவள் அவள்தானே. அன்றைக்குக் கெபியில் சொல்லியிருக்க வேண்டியதை, அவள் இன்னும் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, விடிய இன்னும் நேரம் இருக்கிற மாதிரி சொன்னார். அவளுக்கு மூச்சு இறங்கட்டும், அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகணும். மூச்சு விடாமல் ஜெசிந்தாவையும் கேட்டார். கட்டி ஒன்றும் இல்லை என்று வரணும். பெர்னதத்துக்குக் கேட்டார், அவளிடம் இதை யாராவது போய்ச் சொல்லணும் என்று கேட்டார். பாறை வழுக்காமல் இருக்கணும் என்றார். தன் முட்டிக்குக் கேட்டார், சாகும்போது மகள் பக்கத்தில் இருக்கணும் என்று கேட்டார், மழை விடணும் என்றார், மறுபடி பவுலினுக்கு வந்தார். குரல் உரத்துவிட்டது, காற்றைத் தாண்ட அப்படித்தான் கேட்க வேண்டியிருந்தது. நிறுத்தத் தெரியவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் குரல் எட்டும் தூரத்துக்கு நடையை மட்டும் குறைத்துக்கொண்டாள்.